வீட்டுத் தச்சுப் பட்டறை: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

மரவேலை செய்து பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு மெஷின். பார்த்த வீடியோக்களில் எல்லாம் ஏதோ ஒன்று சுழன்றுகொண்டே இருந்திருக்கும், கையும் அதையே தேடும். வீட்டுக்கு வந்தபிறகுதான் பலகையை அசையாமல் நிறுத்த வழியில்லை, போட்ட கோடு நேராக இல்லை, கூட வாங்கிய உளி வெண்ணெயைக்கூட வெட்டாது என்பதெல்லாம் தெரியவரும். என் கட்சி இதுதான்: அளக்கிற சாமான், பிடிக்கிற சாமான், தீட்டுகிற சாமான், இந்த மூன்றுக்கும் முதலில் செலவு செய்யுங்கள். வெட்டுகிற சாமான் அதற்கடுத்து. மெஷின் கடைசியில்.

முதல் படி: என்ன செய்யப் போகிறீர்கள்?

"ஒரு பட்டறைக்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால் அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது. "ஒரு ஸ்டூலுக்கு என்னென்ன வேண்டும்?" என்று கேளுங்கள், சட்டென்று சுருங்கிவிடும். சுவரில் மாட்டும் அலமாரி என்றால் பலகையைக் கடையிலேயே அறுத்து வாங்கலாம். பிளைவுட் கடைகள் பலவற்றில் பெரிய அறுவை மெஷின் இருக்கிறது, அளவு எழுதிக் கொடுத்தால் சிறு கூலிக்கு நேராக அறுத்துத் தருவார்கள். டேப், மூலைமட்டம், டிரில், நான்கு கிளாம்ப், ஸ்க்ரூ, உப்புத்தாள் இருந்தால் அலமாரி முடிந்துவிடும். பொளியும் கழுந்தும் (ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் நாக்கு) வைத்த ஸ்டூல் என்றால் ரம்பமும் உளியும் தேவைப்படும். கைச் சாமானாகப் பார்த்து வாங்கினால் இரண்டுக்கும் சேர்த்தே 5,000 அல்லது 6,000 ரூபாயில் ஒரு நல்ல தொடக்கம் அமையும். டிரில்லும் இழைப்புளியும் தனிக் கணக்கு.

பெட்டியில் 100 உருப்படி அடுக்கி விற்கும் 'செட்' வேண்டாம். அதில் நமக்கு வேண்டியது ஏழெட்டுதான் இருக்கும், அந்த ஏழெட்டும் சுமாராக இருக்கும்.

இடமும் மின்சாரமும்

கார் நிற்கும் இடம், மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை, பால்கனியின் ஒரு மூலை, எதுவும் போதும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கைச் சாமான்தான் நல்லது. காலை ஆறு மணிக்கு இழைப்புளி தள்ளினால் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்றால் பிளக்கைப் பாருங்கள். 1,400 வாட் மெஷின் நம் 230 வோல்ட்டில் ஓடும்போது 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ஃபேன், மொபைல் சார்ஜருக்கான சின்ன சாக்கெட்டில் செருகாமல் 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்பட்டால் 2.5 சதுர மி.மீ. கம்பி உள்ளதாக வாங்கி, ஓட்டும்போது முழுவதையும் விரித்துவிடுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் வயர் சூடேறும். வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் மெஷின் 120 வோல்ட்டுக்கானது. நேராகச் செருகினால் எரிந்துபோகும்.

அளப்பதும் கோடு போடுவதும்

டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடும். அது பழுது என்று நினைத்துப் பலர் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் அது நகர்வதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்ட வைத்து அளந்தாலும் ஒரே அளவு வர அதுதான் வழி. ஒரு வேலை முடியும்வரை ஒரே டேப்பில் அளப்பது நல்லது. கூடவே 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று.

மூலைமட்டம் வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகைத் துண்டு ஒன்றில், அந்த விளிம்போடு மட்டத்தை அணைத்து ஒரு கோடு போடுங்கள். பிறகு மட்டத்தை மறுபக்கம் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப்போக விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் கோணல். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பெரிய பிராண்ட் பெயர் பொறித்த மட்டத்தையும் இப்படிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பென்சில் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. ரம்பம் அந்தத் தடிமனில் எந்தப் பக்கம் போகும் என்பது குலுக்கல்தான். பொருத்து வரும் இடங்களில் கத்தியால் கீறுங்கள். பேப்பர் வெட்டும் கட்டர் கத்தியே போதும். கீறல் நாரை அறுத்துவிடுவதால் விளிம்பு பிய்யாது, உளியின் முனையும் அந்தப் பள்ளத்தில் தானாக உட்காரும். விளிம்பிலிருந்து குறித்த தூரத்தில் கோடு கீறும் மார்க்கிங் கேஜ் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். நான்கு கால்களிலும் ஒரே தூரத்தில் கோடு வேண்டுமென்றால், நான்கு முறை அளப்பதைவிட ஒருமுறை கேஜை இறுக்கிவிட்டு நான்கிலும் இழுப்பது மேல்.

ஆசாரிகளோடு பேசும்போது 'நூல்' கணக்கு வரும். 8 நூல் சேர்ந்தது ஓர் அங்குலம். ஒரு நூல் என்றால் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். முக்கால் அங்குலப் பலகையை 6 நூல் என்பார்கள். பிளைவுட் கடையிலோ எல்லாம் மில்லிமீட்டர்தான்: 6, 9, 12, 18. இரண்டையும் ஒரே வேலையில் கலக்காதீர்கள்.

பிடித்து நிறுத்துவது

இந்தச் செலவைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், என் பார்வையில் இதுதான் முதலில் வர வேண்டியது. ஆடுகிற மேஜையில் எவ்வளவு நல்ல ரம்பமும் கோணலாகத்தான் போகும். கை வேகமெல்லாம் மேஜையை ஆட்டுவதிலேயே போய்விடும்.

மேஜையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வீடு இடிக்கும் இடங்களில் கிடைக்கும் பழைய கதவு ஒன்று, அல்லது 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய 36 மி.மீ. பலகை, கீழே கனமான சட்டங்களால் கால். உயரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே மேஜையின் மேல்பரப்பு. இழைப்பு வேலையே அதிகம் என்றால் அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம். ஒரு பக்கத்தைச் சுவரோடு அணைத்துவிட்டால் ஆட்டம் பெருமளவு குறையும்.

மேஜை இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். ஓர் அடிக்கு முக்கால் அடி பலகை ஒன்றை எடுத்து, மேல்பக்கத்தில் ஒரு விளிம்பில் ஒரு ரீப்பரும், அடிப்பக்கத்தில் எதிர் விளிம்பில் இன்னொரு ரீப்பரும் அடியுங்கள். அடி ரீப்பரை ஏதாவது ஒரு மேஜை விளிம்பில் முட்டக்கொடுத்து, மேல் ரீப்பரில் மரத்தை அழுத்திப் பிடித்து அறுக்கலாம். கால் மணி நேர வேலை, பல வருஷம் உழைக்கும்.

கிளாம்பில் இரண்டு வகை போதும். நீளமான கம்பியில் நகரும் எஃப் கிளாம்ப், 12 அங்குலத்தில் நான்கு. சின்ன ஜி கிளாம்ப் இரண்டு. வாங்கும்போது திருகை முழுக்க இறுக்கிப் பாருங்கள். கம்பி வில்லாக வளைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பலகைகளை அகலவாக்கில் ஒட்டப் பெரிய சாஷ் கிளாம்ப் வேண்டும், ஆனால் அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக நறுக்கி இழுத்துச் சுற்றினால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். வளைந்த பொருளுக்கு இரும்புக் கிளாம்பைவிட அதுவே தோது. மேஜையில் இரண்டு கட்டைகளை ஸ்க்ரூ போட்டு, நடுவில் பலகைகளை வைத்து, இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்பு அடித்து இறுக்குவதும் பழைய வழிதான்.

பென்ச் வைஸ் வாங்கினால் மரவேலைக்கானதைக் கேட்டு வாங்குங்கள். லேத்துப் பட்டறை வைஸின் தாடையில் பல் இருக்கும், மரத்தைக் கடித்துவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துப் பயன்படுத்தலாம்.

ரம்பம்

கடையில் கிடைக்கும் சாதாரணக் கைரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். அதனால் தகடு மெல்லியதாக இருக்கலாம், வெட்டும் மெல்லியதாக வரும். புதியவர்களுக்கு இழுக்கும் ரம்பம் சீக்கிரம் கைக்கு வரும் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் நாரோட்டத்தோடு அறுக்கவும் மறுபக்கம் குறுக்கே அறுக்கவும் பல் வைத்த இருபக்க ரம்பம் ஒன்று வாங்கினால் நீண்ட நாளைக்கு வேறு தேவைப்படாது. ஒரே குறை, கருவேலம், புளி மாதிரி கெட்டி மரத்தில் பல் உடையும். உடைந்தால் தகட்டை மாற்ற வேண்டியதுதான், நம்மூரில் அதைத் தீட்டித் தருபவர்களைத் தேடிப்பிடிப்பது கடினம். தள்ளும் வகையே வாங்கினால், அங்குலத்துக்கு 7 அல்லது 8 பல் பலகை அறுக்க, 12க்குப் பக்கம் பொருத்து அறுக்க.

உளி, அதைவிட முக்கியமாகத் தீட்டுவது

கால், அரை, ஒரு அங்குலம் என்று மூன்று உளி போதும். பக்கவாட்டு விளிம்பு சரிவாகச் சீவப்பட்டவையாகப் பாருங்கள், மூலைகளுக்குள் நுழையும். அடிக்க மரத்தாலான கொட்டாப்புளி. இரும்புச் சுத்தியல் உளியின் பிடியைப் பிளந்துவிடும்.

புது உளி தீட்டப்படாமல்தான் வருகிறது. இது தெரியாமல் "மரவேலை நமக்கு வராது" என்று விட்டுவிட்டவர்கள் நிறைய. தீட்டப் பெரிய சாதனம் எதுவும் தேவையில்லை. கண்ணாடிக் கடையில் 10 அல்லது 12 மி.மீ. தடிமனில் ஒரு துண்டுக் கண்ணாடி வாங்குங்கள். தண்ணீர் போட்டுத் தேய்க்கும் கறுப்பு எமரித் தாள் 220, 400, 800, 1000, 2000 எண்களில் ஒவ்வொன்று. கூடவே, உளியைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்து ஒற்றைச் சக்கரத்தில் உருளும் ஹோனிங் கைடு.

முதலில் உளியின் முதுகு, அதாவது சரிவில்லாத தட்டையான பக்கம். நுனியிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் கண்ணாடிமேல் ஒட்டிய தாளில் படிய வைத்துத் தேய்க்க வேண்டும், தாளின் எண்ணை ஏற்றிக்கொண்டே போய்க் கண்ணாடி மாதிரி மின்னும்வரை. ஓர் உளிக்கு ஒருமுறை செய்தால் போதும், ஆனால் அந்த ஒருமுறைக்குப் பொறுமை வேண்டும். அப்புறம் சரிவுப் பக்கம். உளி கைடிலிருந்து 40 மி.மீ. வெளியே நீண்டால் 25 பாகைச் சரிவு கிடைக்கும், 30 மி.மீ. நீண்டால் 30 பாகை. முதலில் 25இல் தேய்த்து, கடைசியில் நுனிக்கு மட்டும் 30இல் ஏழெட்டு இழுப்பு. முதுகுப் பக்கம் விரலை விளிம்பை நோக்கி வழித்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது விளிம்பின் முழு நீளத்துக்கும் இருந்தால் சரிவு முடிந்தது. முதுகைத் தாளில் படிய வைத்து இரண்டு தேய்ப்பில் பிசிறை எடுத்துவிடுங்கள்.

தீட்டல் சரியா என்று பார்க்கக் கையில் முடியை மழிக்க வேண்டாம். பைன் மரத்தின் வெட்டுமுகத்தை, அதாவது நார் முடியும் பக்கத்தைச் சீவிப் பாருங்கள். கூரான உளி வழவழப்பான மெல்லிய சீவலை எடுக்கும். மொண்ணை உளி மரத்தை நசுக்கிப் பொடியாக்கும்.

மின்சாரச் சாணையில் உளியைப் பிடிப்பதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். நுனி நீலநிறமாக மாறினால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்து எடுத்தால்தான் உளி மறுபடி நிற்கும்.

இழைப்புளி

இரண்டு அங்குல அலகும் ஏறக்குறைய 10 அங்குல நீளமும் உள்ள 4ஆம் எண் இரும்பு இழைப்புளியில் தொடங்கலாம். நீளப் பலகை நேராக வேண்டுமென்றால் 14 அங்குலமுள்ள 5ஆம் எண். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5ஐ எடுங்கள். ஓய்வுபெற்ற ஆசாரி வீட்டுப் பரணில் பழைய மர இழைப்புளி கிடைத்தாலும் விடாதீர்கள், அலகில் இரும்பு மிச்சமிருந்தால் போதும். புதிதோ பழையதோ, உளிக்குச் சொன்ன தீட்டல்தான் இதற்கும். கைடில் அளவு மட்டும் மாறும்: 50 மி.மீ. நீட்டினால் 25 பாகை, 38 மி.மீ. என்றால் 30.

மெஷின் வேண்டும் என்றால்

முதல் மெஷின் டிரில், இதில் சந்தேகமே வேண்டாம். சுவரிலும் துளை போட வேண்டிய வீடு என்றால் 13 மி.மீ. சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்), வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன், எதிர்த்திசையில் சுழலும் வசதி உள்ள வயர் டிரில். மரத்தில் துளையிடும்போது சுத்தியல் படம் போட்ட முறையை அணைத்துவிடுங்கள். பேட்டரி டிரில் வாங்குவதென்றால் டிரில்லை மட்டும் பார்க்காமல், அந்த பிராண்டின் மற்ற மெஷின்களையும் பாருங்கள். ஒரு பிராண்ட் பேட்டரி இன்னொன்றில் ஏறாது, அடுத்தடுத்து வாங்குவதெல்லாம் அதே குடும்பத்தில்தான் வாங்க வேண்டிவரும். நடுவில் முள் வைத்த மரப் பிட்டுகளைத் தனியாக வாங்குங்கள், வழுக்காமல் குறித்த இடத்திலேயே இறங்கும். 8ஆம் எண் ஸ்க்ரூவுக்குக் கெட்டி மரத்தில் முன்துளை 3 மி.மீ.; போடாமல் முறுக்கினால் மரம் பிளக்கும் அல்லது ஸ்க்ரூ தலை அறுந்து வரும்.

அடுத்தது அறுவை மெஷின். நம்மூரில் வேலை நடக்கும் வீடு எதிலும் பார்க்கலாம், 110 மி.மீ. மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டிப் பிளைவுட் அறுப்பார்கள். விலை குறைவு, கைக்கு அடக்கம், பழகிய ஆசாரி அதில் அற்புதமாகவே அறுப்பார். ஆனால் அது கல் அறுக்கச் செய்த மெஷின். நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் ஓடும், பிளேடைத் தானாக மூடிக்கொள்ளும் கீழ்மூடி கிடையாது. பலகையில் பிளேடு சிக்கினால் மெஷின் நம் பக்கம் துள்ளும்போது பல் திறந்தே இருக்கும். அதையே தலைகீழாகப் பலகைக்கு அடியில் பொருத்தி 'டேபிள் சா' செய்வது இன்னும் மோசம். புதியவர்கள் இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது. 185 மி.மீ. சர்க்குலர் சா வாங்குங்கள். மூடி தானாக விழும். கூட வரும் 24 பல் பிளேடு நாரோட்டத்தில் அறுக்கத்தான். பிளைவுட்டுக்கு 40 பல் தனியாக வாங்க வேண்டும். பலகையின் தடிமனைவிட 5 மி.மீ. மட்டும் பிளேடு கீழே இறங்கட்டும். அறுத்த வாய் மூடிக்கொள்ளாதபடி பலகையின் இரண்டு பாதிக்கும் அடியில் தாங்கல் கொடுங்கள், சிக்கலும் துள்ளலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

பலகை விளிம்பைச் சீவவும் பள்ளம் எடுக்கவும் உதவும் சின்ன மெஷினான டிரிம்மர் ரௌட்டர்மேல் ஆசை சீக்கிரமே வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிட்டைப் பிடிக்கும் அதன் வாய் 6 மி.மீ.யா, கால் அங்குலமா என்று பாருங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. கால் அங்குல பிட் 6 மி.மீ. வாயில் நுழையாது. 6 மி.மீ. பிட் கால் அங்குல வாயில் நுழையும், ஆனால் இறுகாது. அந்த வேகத்தில் கழன்று பறக்கும்.

தூசி, கண், காது

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியது. மூக்கும் அதையொட்டிய எலும்பறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படுகின்றன. துண்டைச் சுற்றிக்கொள்வது போதாது. தேய்ப்பு வேலைக்கு என்95 முகக்கவசம், மெஷினுக்குக் கண்ணாடியும் காதடைப்பும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறை கதவைச் சாத்திக்கொண்டு அறுக்காதீர்கள்.

சுழலும் மெஷின் பக்கம் கையுறை கூடாது, பிடித்து இழுத்துவிடும். லுங்கி, துப்பட்டா, அவிழ்ந்த முடி, கழுத்துச் சங்கிலி, மணிக்கட்டில் கோயில் கயிறு எல்லாவற்றுக்கும் அதே சட்டம். கயிற்றை அவிழ்க்க மனமில்லை என்றால் சட்டைக் கையை இறுக்கமாகப் பொத்தான் போட்டு உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள்.

மரமும் ஒட்டும்

பழகப் பேக்கிங் பெட்டிப் பைன் போதும், மலிவு, உளிக்கு இணங்கும். தேக்கில் நேராக இறங்க வேண்டாம். மரக்கடையில் கன அடிக் கணக்கு: நீளத்தை அடியிலும், அகலம் தடிமன் இரண்டையும் அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 6 அடி நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன் என்றால் அரைக் கன அடி. போகும் முன் இதைத் தாளில் போட்டுப் பாருங்கள். காரைக்குடியில் பழைய வீட்டுத் தேக்குச் சட்டங்கள் கிடைக்கும், அருமையான மரம். ஆனால் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும். இழைக்கும் முன் காந்தம் ஒன்றை நெடுகத் தடவிப் பாருங்கள், இல்லாவிட்டால் அலகு போய்விடும்.

பிளைவுட்டில் சமையலறை, குளியலறைப் பக்கத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை (தண்ணீர் தாங்கும் வகைக்கான இந்தியத் தர எண்), மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 303. ஒட்டுக்கு வெள்ளைப் பசை போதும். தண்ணீர் படும் பொருளுக்குத் தண்ணீர் தாங்கும் வகை. கிளாம்பை ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

வாங்கும் இடம், வைத்துக்கொள்ளும் விதம்

சென்னையில் பாரிமுனை, செம்புதாஸ் தெருப் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் கைச் சாமான்களைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். மூலைமட்டம், இழைப்புளி, ரம்பம் மூன்றையும் பார்க்காமல் ஆன்லைனில் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மட்டத்தின் கோணலும் இழைப்புளி அடியின் வளைவும் படத்தில் தெரியாது. பிட், எமரித் தாள், ஹோனிங் கைடு போன்றவை ஆன்லைனில் தாராளமாக வாங்கலாம். மெஷின் வாங்கும் முன் உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். மெஷின் நின்றுபோவதற்குப் பல நேரம் அந்தச் சின்ன பிரஷ் தேய்ந்ததுதான் காரணம், அது கிடைத்தால் நாமே மாற்றிவிடலாம்.

கடற்கரை ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், இரும்பில் செம்மண் நிறம் ஏற. வேலை முடிந்ததும் உளி, ரம்பம், இழைப்புளி அடி எல்லாவற்றையும் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுக்கும். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருவதைத் தூக்கிப்போடாமல் சேர்த்தாலே வருஷத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும்.